உங்க பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிள்ளையின் குரலாவது இருக்கா?

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். தொடக்கப் பள்ளி, போன், வாட்ஸ்அப் குரூப் பத்தி. நான் குழந்தைகள் மருத்துவர், கல்வியாளர் இல்லை. ஆனா இந்த விவகாரம் இப்போ வயித்துவலி, தலைவலின்னு வேஷம் போட்டுட்டு வாராவாரம் என் ஓபிக்கு வருது. அதனால பேசித்தான் ஆகணும். கோபம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க.

2/ சமீபத்துல ஒரு அம்மா, ரெண்டாம் வகுப்பு படிக்கிற பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. காலையில பள்ளிக்கூடம்னா வயித்துவலி. ஞாயித்துக்கிழமை வலி இல்லை. வயித்தை அமுக்கிப் பார்த்தேன், எடை பார்த்தேன், சிறுநீர்ப் பரிசோதனையும் பார்த்தேன். எல்லாம் சரியா இருந்தது. உடனே வழக்கமான வசனத்தை எடுத்து விட்டேன்: "போனைக் கையில குடுக்காதீங்கம்மா."

3/ அந்தம்மா சொன்ன பதில்: "வீட்டுப்பாடமே போன்லதான சார் வருது. போனு இவுக அப்பாகிட்ட இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு மாட்டுத்தாவணிக்கு லோடு இறக்கப் போகணும்னு அவுக ஏழு மணிக்கே படுத்துருவாக. எட்டரைக்கு வர்ற வீட்டுப்பாடத்தை யாரு சார் பாக்குறது?"

எனக்குப் பேச்சு வரல.

4/ கதை அதோட முடியல. மறுநாள் காலையில அதே குரூப்புல ஒரு பட்டியல் வரும். தலைப்பு: 'வீட்டுப்பாடம் முடிக்காதவர்கள்'. முப்பது சொச்சம் பெற்றோர் பார்ப்பாங்க. தொடர்ந்து நாலு நாள் இந்தப் பையன் பேர் அதுல இருந்திருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை அவனுக்கே போனைக் காட்டியிருக்கு. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசு. தடுமாறாம படிக்கிற ஒரே வார்த்தை தன் பேர்தான். அதை அந்தப் பட்டியல்ல படிச்சிருக்கான்.

வயித்துவலிக்கு வேற காரணம் தேடணுமா?

5/ எந்தப் பள்ளின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அந்த ஆசிரியரைத் திட்டுறதுக்கு இந்த த்ரெட் இல்லை. அவங்க செய்யறதைத்தான் அரசு, உதவிபெறும், மெட்ரிக், சிபிஎஸ்இன்னு வித்தியாசம் இல்லாம எல்லா இடத்துலயும் செய்யறாங்க. பேர் மட்டும் அழகா வச்சிருக்காங்க: "டிஜிட்டல் வகுப்பறை", "ஆன்லைன் பெற்றோர் சமூகம்".

6/ என் வாதம் இவ்வளவுதான். குழந்தை பேசவும், அதுக்குப் பதில் வரவும் வழி செஞ்சா அந்தக் கருவி கல்விக் கருவி. மேலிருந்து கீழ சொல்றதுக்கு மட்டும் பயன்பட்டா அது ஒலிபெருக்கி. கல்யாண வீட்டு வாசல்ல கட்டின குழாய் ஸ்பீக்கரை யாரும் 'சமூகம்'னு சொல்றதில்லையே.

7/ ஒரு சோதனை. உங்க பிள்ளையின் வகுப்பு குரூப்பைத் திறந்து கடைசி இருபது செய்தியைப் பாருங்க. சுற்றறிக்கை, வீட்டுப்பாடப் போட்டோ, கட்டண நினைவூட்டல், "நாளை கலர் டிரெஸ்", அதுக்குக் கீழ முப்பது "ஓகே மேம்". எல்லாம் இருக்கும். அதுல ஏதாவது ஒண்ணு, ஒரு குழந்தை சொன்னதா, கேட்டதா, வரைஞ்சதா இருக்கா? அதுக்கு யாராவது பதில் சொல்லியிருக்காங்களா? எண்ணிட்டு வாங்க. நான் கீழ தொடர்றேன்.

8/ இதுக்கு முன்னாடியே நாம ஒரு பெரிய பாடம் படிச்சோம். மறந்துட்டோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பிள்ளைகள் திரும்பி வந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஒன்றரை வருடத்துக்கும் மேல். ஒன்றாம் வகுப்பு முடியாத பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது.

அந்த நாட்களில் கருவிக்கா பஞ்சம்? 2019 ஆகஸ்டிலேயே தொடங்கின கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருந்தது. வாட்ஸ்அப் இருந்தது. எல்லாம் வீட்டை நோக்கிப் பேசின. வீடு திரும்பப் பேச வழி குறைவு.

9/ விளைவு என்ன ஆச்சு? அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளைச் சோதித்தார்கள். கணக்கிலும் மொழியிலும் பெரிய சரிவு. கணக்கில் இன்னும் மோசம். நல்ல சேதியும் உண்டு: பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது.

10/ எப்படி மீண்டது? முதல் காரணம், பள்ளி திறந்ததுதான். அதோட, மீண்டதில் சுமார் கால் பங்குக்கு (24 சதவீதம்) 'இல்லம் தேடிக் கல்வி' காரணம்னு அந்த ஆய்வு கணக்குப் போடுது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்தில் முதல்வர் தொடங்கி வைத்த திட்டம். முதலில் வந்த 12 மாவட்டங்களில் நம்ம மதுரையும் ஒண்ணு.

சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம். தெருத் திண்ணை, கோயில் மண்டபம், யாரோ வீட்டு மொட்டை மாடி. இருபது பிள்ளைகளுக்குள். சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய்.

11/ இதுல கவனிக்க வேண்டிய விஷயம்: அந்தத் தன்னார்வலர்களை எப்படிச் சேர்த்தாங்க? இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்லித்தான். உசிலம்பட்டியில் பி.எட். முடிச்சிட்டு வீட்டில் இருக்கிற பெண்ணையும், அவர் தெருவில் எழுத்து மறந்த பிள்ளையையும் சேர்த்து வைக்க இணையம் உதவிச்சு. சேர்த்து வச்சதும் ஒதுங்கிக்கிச்சு. மீதியைத் திண்ணை பார்த்துக்கிச்சு.

ஆன்லைன் கருவி தன் வேலையைச் சரியா செஞ்ச இடம் இது. எதிர்ப்பு மட்டும் பேசறேன்னு யாரும் நினைச்சுறக் கூடாதுன்னுதான் முதல்லயே சொல்லிடறேன்.

12/ இனி என் துறைக்கு வர்றேன். 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கூல் குழு ஒரு சோதனை செஞ்சாங்க. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சிலர் நேரில் உட்கார்ந்து சீன மொழியில் பேசி விளையாடினாங்க. அந்த மொழியின் ஒலிகளைப் பிள்ளைகள் பிரித்தறியக் கத்துக்கிட்டாங்க. அதே பேச்சை வீடியோவில் காட்டினப்ப? ஒண்ணும் ஏறல.

13/ 2014இல் இன்னொரு ஆய்வு, ரெண்டு, ரெண்டரை வயசுப் பிள்ளைகளிடம். பதிவு செஞ்ச வீடியோவிலிருந்து புதுச் சொல் ஏறல. ஆனா நேரடி வீடியோ காலில், எதிர்ப் பக்கம் இருக்கிறவர் பிள்ளையைப் பார்த்து, பிள்ளைக்குப் பதில் சொல்லிப் பேசினப்ப, நேரில் கத்துக்கிட்ட மாதிரியே கத்துக்கிட்டாங்க.

ரெண்டுலயும் திரைதான் இருந்தது. ஒண்ணுல பதில் வந்தது, இன்னொண்ணுல வரல.

14/ 2018இல் கூல் குழுவே மறுபடி பார்த்தது: அதே வீடியோவைத் தனியா பார்த்த குழந்தையை விட, இன்னொரு குழந்தையோட சேர்ந்து பார்த்த குழந்தை நல்லா கத்துக்கிச்சு.

நேர்மையா சொல்லிடறேன்: இவை கைக்குழந்தைகளிடமும் மழலைகளிடமும் செஞ்ச ஆய்வுகள். ரெண்டாம் வகுப்புக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனா மனுஷப் பிள்ளை எந்தத் திசையில் கத்துக்குதுன்னு காட்டுது. பதில் வேணும். பக்கத்துல ஒரு கூட்டாளி வேணும்.

15/ மதுரைக்காரங்களுக்கு இது புதுசே இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் நடத்தும் பார்வை மையங்களைப் பார்த்திருப்பீங்க. அங்க பயிற்சி பெற்ற பணியாளர் ஒருத்தர் கண்ணைச் சோதிப்பார். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற மருத்துவர் வீடியோவில் வந்து நோயாளிகிட்டப் பேசுவார், கேள்வி கேட்பார், பதில் வாங்குவார். ரெண்டு முனையிலும் ஆள் உண்டு. அதனாலதான் அது மருத்துவம்.

அந்த மையத்தில் ஆளை எடுத்துட்டு "கண்புரை பற்றிய வீடியோ லிங்க் அனுப்பியுள்ளோம், பார்த்துவிட்டு ஓகே போடவும்"னு சொன்னா நாம சும்மா இருப்போமா? பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏன் சும்மா இருக்கோம்?

16/ நல்லபடியா செய்ய முடியுமான்னு கேப்பீங்க. முடியும். பள்ளி மருத்துவ முகாமுக்குப் போனப்ப உசிலம்பட்டி பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு, 21 பிள்ளைகள். டீச்சர் வெள்ளிக்கிழமை ஒரு கேள்வி கொடுப்பாங்க. நான் போன வாரக் கேள்வி: "மழை வரப்போகுதுன்னு உங்க வீட்டுல எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

பிள்ளைகள் அப்பத்தாகிட்ட, பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வரணும். திங்கள்கிழமை வகுப்பில் நின்னு சொல்லணும்.

17/ சொல்லும்போது டீச்சர் தன் போனில் முப்பது, நாப்பது நொடி பதிவு பண்ணி குரூப்பில் போடுவாங்க. எறும்பு முட்டையைத் தூக்கிட்டுப் போச்சுன்னு ஒருத்தி. தட்டான் தாழப் பறந்துச்சுன்னு ஒருத்தன். "எங்க தாத்தாவுக்கு முட்டி வலிக்கும், அப்ப மழை வரும்"னு ஒருத்தன்.

பதிவு வகுப்பிலேயே நடக்குது. அதனால வீட்டில் போன் இல்லாத பிள்ளையின் குரலும் அதுல இருக்கும். இந்த ஒரு சின்ன ஏற்பாட்டில்தான் எல்லாம் இருக்கு.

18/ திருப்பூரில் வேலை பார்க்கிற ஒரு அப்பா ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு கேட்டுட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கார்: "நல்லா சொன்ன தாயி"ன்னு ஆரம்பிச்சு, தன் சின்ன வயசுல கண்மாய் உடைஞ்ச கதையைச் சொல்லியிருக்கார். டீச்சர் அதை மறுநாள் வகுப்பில் போட்டுக் காட்டினாங்க. 21 பிள்ளைகளும் வாயைத் திறந்து கேட்டுட்டு இருந்தாங்க. அந்தப் பொண்ணு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த உட்காரலை நீங்க பார்த்திருக்கணும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் அந்த குரூப்பில் இடம் இருக்கு. எழுத வேண்டாம், பேசினாப் போதும்.

19/ மாசம் ஒரு தடவை, ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளியோட இருபது நிமிஷ வீடியோ கால். ஒரே டேப்லெட், எல்லாரும் சுத்தி உட்கார்ந்து. கேள்விகளை ஒரு வாரம் முன்னாடியே நோட்டில் எழுதணும். நான் பார்த்த கேள்வி: "கடலுக்குள்ள மழை பெஞ்சா மீனுக்குத் தெரியுமா?"

மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துப்பிழை பார்த்து, அழிச்சு, திருத்தி எழுதுது. ஏன்னா அந்தக் கேள்விக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை நிஜமா பதில் சொல்லப் போகுது. இதுக்கு எந்தக் கம்பெனி ஆப்பும் வாங்கலை. செலவு, ஒரு டேட்டா பேக்.

20/ இப்போ எதிர்வாதங்கள்.

"பிள்ளைகளுக்குப் போனே கூடாது டாக்டர்." என் சக மருத்துவர்கள் பலர் சொல்றது, நானும் சொன்னது. அளவு தேவைதான். இந்திய குழந்தைகள் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்படி ரெண்டு வயசு வரை திரையே வேண்டாம். 2 முதல் 5 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 5 முதல் 10 வரை ரெண்டு மணி நேரத்துக்குள். கண்ணுக்கு வெயிலும் வெளியும் வேணும். சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளியே விட்டாங்க. மூணு வருஷத்தில் புதுசா கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம். வெளியே விடாத பள்ளிகளில் சுமார் 40 சதவீதம்.

21/ ஆனா நேரத்தை மட்டும் அளக்கிற டாக்டர் பாதி டாக்டர். இருபது நிமிஷம் கடற்கரைப் பிள்ளையோட பேசினதும், இருபது நிமிஷம் ரைம்ஸ் வீடியோ தானா ஓடினதும் கடிகாரத்துக்கு ஒண்ணுதான். பிள்ளைக்கு ஒண்ணு இல்லை. அதோட "போனைக் குடுக்காதீங்க"ன்னு நான் சொல்லிட்டு, பள்ளி "போனில் பார்க்கவும்"னு சொன்னா, நடுவில் மாட்டிக்கிறது அந்த அம்மாதான். அந்த ஓபியில் தப்பு என் மேலயும் இருந்தது.

22/ "ஸ்மார்ட் கிளாஸ் வந்தா எல்லாம் சரியாகும்." அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன் வகுப்பறைகள்னு அரசு அறிவிச்சது. தனியார் பள்ளிகளில் அது விளம்பரப் பலகையிலேயே இருக்கு. நல்லது. ஆனா பெருவில் நடந்ததையும் படிங்க. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினின்னு கொடுத்தாங்க. 300க்கும் மேற்பட்ட கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவு வந்தது: கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் ஏதும் தெரியலை. பெட்டி போய்ச் சேர்ந்தது. பெட்டியை வச்சு வகுப்பு என்ன பேசணும்னு யாரும் யோசிக்கலை.

23/ "எல்லார் வீட்டிலும் போன் இருக்கே?" வீட்டில் இருக்கு. யார் கையில் இருக்கு? தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) படி, தமிழ்நாட்டில் இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்தின பெண்கள் பாதிக்கும் குறைவு. அதுக்கப்புறம் கூடியிருக்கும். ஆனா பிள்ளையின் நோட்டைப் பார்க்கிறது பெரும்பாலும் அம்மா, பூக்கட்டிக்கிட்டோ அடுப்படியில் நின்னோ. வீட்டுக்கு ஒரு போன்னு வச்சுத் திட்டம் போடறவங்களுக்கு இந்த அம்மா கண்ணுக்கே தெரியலை.

24/ "டாக்டர், ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை." நூத்துக்கு நூறு உண்மை. எமிஸ் பதிவு, ஆன்லைன் மதிப்பீடு, போட்டோ எடுத்து ஏத்துறதுன்னு நேரம் போகுதுன்னு ஆசிரியர் சங்கங்கள் பல வருஷமா கத்திக்கிட்டு இருக்கு. அது இதே நோய்தான். ஆசிரியரிடமிருந்து மேலே தகவல் போகுது, பதில் வர்றதில்லை. அவங்களுக்கு எப்படி ஒலிபெருக்கி வச்சோமோ, அப்படியே அவங்க பெற்றோருக்கு வைக்கிறாங்க. முதல்ல அந்தச் சுமையைக் குறைங்க. மழைக் கேள்வி கேக்க நேரம் தானா வரும்.

25/ நம்ம ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கு. 2022 செப்டம்பர் 15, முதல்வரின் காலை உணவுத் திட்டம் தொடங்கினது மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். அங்க பிள்ளைக்கு முன்னால தட்டு வந்தது. அப்பா போனில் சார்ஜ் இருக்கான்னு யாரும் கேக்கலை. ஒரு திட்டம் பிள்ளையைத் தேடிப் போகணும்னா அப்படித்தான் போகணும். பந்தியில் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடற பிள்ளைகளுக்குச் சமூகம்னா என்னன்னு தனியா சொல்லித்தர வேண்டியதில்லை.

26/ சரி, என்ன செய்யணும்? என் மருந்துச் சீட்டு:

அ) வீட்டுப்பாடம் பள்ளி நேரத்துக்குள் நோட்டில் எழுதி முடிக்கணும். குரூப்பில் வர்றது நகல் மட்டுமே.
ஆ) முடிக்காதவர், மதிப்பெண், கட்டண பாக்கி: எந்தப் பெயர்ப் பட்டியலும் குரூப்பில் கூடாது.
இ) இரவு ஏழுக்கு மேல் செய்தி வேண்டாம். ஆசிரியருக்கும் வீடு உண்டு.
ஈ) வாரம் ஒரு தடவையாவது குழந்தைகள் பேசணும், யாராவது பதில் சொல்லணும். பதிவு வகுப்பிலேயே நடக்கணும்.
உ) வீடியோ காட்டினா சேர்ந்து பாருங்க. அஞ்சு நிமிஷம் பார்த்தா பத்து நிமிஷம் பேசுங்க.
ஊ) போட்டோ, குரல் எதுவா இருந்தாலும் பெற்றோரிடம் கேட்டுட்டுப் போடுங்க. பிள்ளைகளின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேணும்னு 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்லுது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிள்ளைகளை ஏத்துற பழக்கத்தை இன்னிக்கே நிறுத்துங்க.

27/ எங்க கேக்கறதுன்னு யோசிக்காதீங்க. அரசு, உதவிபெறும் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் இந்த ஆறையும் படிச்சுக் காட்டுங்க. தனியார் பள்ளின்னா பெற்றோர் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து எழுந்திரிங்க. தனியா கேட்டா "அந்தப் பேரன்ட்"னு பேர் வச்சிருவாங்க.

28/ அந்தப் பையன் என்ன ஆனான்? மருந்துச் சீட்டிலேயே வகுப்பாசிரியருக்கு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தேன்: "வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதி அனுப்பவும். பெயரைக் குழுவில் இட வேண்டாம்." அவங்க மதிச்சு அப்படியே செஞ்சாங்க. மூணு வாரம் கழிச்சு வந்தான். வயித்துவலி பெரும்பாலும் போயிருச்சு.

அந்தம்மாகிட்ட, "இப்பப் பட்டியல் போடறாங்களாம்மா?"ன்னு கேட்டேன்.

"போடுறாக சார். இவன் பேரு இல்ல. வேற பிள்ளைக பேரு வருது."

29/ அந்த வேற பிள்ளைகளுக்கு எல்லாம் நான் சீட்டு எழுத முடியாது. அதனாலதான் இந்த த்ரெட்.

ஏழாவது பதிவில் எண்ணச் சொன்னேனே, எண்ணினீங்களா? இருபதில் எத்தனை? கீழ எண்ணை மட்டும் போடுங்க, பள்ளி பேர் வேண்டாம். பூஜ்யம்னா அதையும் போடுங்க. நாளைக்கே உங்க பிள்ளையின் ஆசிரியர்கிட்டப் போய் ஒரு மழைக் கேள்வி கேக்கச் சொல்லுங்க.